பிரசவ அறையில் கேமரா: பச்சிளங்குழந்தை உயிர்மீட்பைப் பதிவுசெய்து பார்ப்பதும் திருத்துவதும்

கேள்வி இதுதான்: “பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைகளுக்கு எங்கள் பிரசவ அறையில் செய்யும் சிகிச்சையை, குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் மேசையான வார்மருக்கு மேல் கேமரா பொருத்திப் பதிவுசெய்து பார்க்க நினைக்கிறோம். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? எதை அளப்பது, எப்படித் தொடங்குவது, ஊழியர்களையும் பெற்றோரையும் எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது?”

பயன் உண்டு, நிறையவே உண்டு. கேமராவை வாங்கிப் பொருத்துவது ஒரு வார வேலை. பதிவை யார் பார்க்கலாம், எதை அளக்க வேண்டும், பார்த்ததை வைத்து யாரிடம் எப்படிப் பேசுவது என்பதற்குத்தான் மாதங்கள் பிடிக்கும். அதைச் செய்யாமல் கேமராவை மட்டும் மாட்டிய இடங்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைகிறது, சிகிச்சை அப்படியே இருக்கிறது.

பதிவு ஏன் தேவை என்பதை முதலில் பார்ப்போம். உயிர்மீட்பின் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் 2, 3 நிமிடங்கள். அந்த நேரத்தில் எல்லோருடைய கையிலும் வேலை இருக்கும். கேஸ் ஷீட்டில் எழுதுவது அரை மணி நேரம் கழித்து, நினைவிலிருந்து. அதில் நேரங்கள் 1, 2, 5 என்று முழு நிமிடங்களாகத்தான் வரும். பையை அமுக்கி முகமூடி வழியாக மூச்சுக் கொடுக்கும் பேக்-மாஸ்க்கைப் பிடித்தவருக்கு 30 விநாடி போலத் தோன்றியது படத்தில் 90 விநாடியாக இருப்பது சகஜம். இது யாருடைய நேர்மைக்குறைவும் அல்ல; பதற்றத்தில் மனம் நேரத்தை அப்படித்தான் கணக்கிடுகிறது.

சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 100 உயிர்மீட்புப் பதிவுகளை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற குழுக்கள்தாம். ஆனாலும் பாதிக்கும் மேற்பட்ட பதிவுகளில் வழிகாட்டியிலிருந்து விலகல் இருந்தது. மெல்போர்னில் பிரசவ அறை வீடியோக்களை வைத்து 2006-ல் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும் முயற்சிகளை அளந்தபோது, 60 முயற்சிகளில் 62 சதவீதம்தான் வெற்றி பெற்றிருந்தது. அதே குழு, குழந்தை எப்போது இளஞ்சிவப்பாக மாறியது என்று வீடியோவைப் பார்த்துச் சொல்லும்படி மருத்துவப் பணியாளர்களைக் கேட்டது. ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். அவர்கள் ‘இப்போது சிவந்துவிட்டது’ என்று சொன்ன தருணங்களில், ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டர் காட்டிய அளவு 10 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை சிதறியிருந்தது. இன்று உயிர்மீட்பின்போது நிறத்தை நம்பாமல் இதயத் துடிப்பையும் ஆக்ஸிமீட்டரையும் பார்க்கச் சொல்வதன் பின்னணியில் இப்படிப்பட்ட வேலை இருக்கிறது. காத்மாண்டுவின் பெரிய மருத்துவமனை ஒன்றில் வார்மர்களுக்கு மேல் கேமரா வைத்துப் பார்த்து 2014-ல் வெளியான ஆய்வு, வசதி குறைந்த இடங்களில் திரும்பத் திரும்பத் தெரியும் ஒன்றைக் காட்டியது: சளி உறிஞ்சுவதும் உடலைத் தேய்ப்பதும் தேவைக்கு மேல் நடக்கின்றன, பேக்-மாஸ்க் மூச்சு வேண்டிய நேரத்தில் வருவதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். நிறைமாதக் குழந்தைகளில் சுமார் 5 சதவீதத்துக்குத்தான் பேக்-மாஸ்க்கால் மூச்சுக் கொடுக்க வேண்டிவரும். நெஞ்சு அழுத்தமோ அட்ரினலினோ தேவைப்படுவது 1000-க்கு 1 முதல் 3 வரை. ஆண்டுக்கு 3000 பிரசவம் நடக்கும் மருத்துவமனையில் மூச்சுக் கொடுக்கும் நிகழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 150, அதாவது வாரத்துக்கு 3. எந்தக் குழந்தைக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே “சிக்கலான பிரசவம் என்றால் கேமராவை ஆன் செய்வோம்” என்ற ஏற்பாடு தோற்றுவிடும். மிக முக்கியமான பதிவுகள்தாம் விடுபட்டுப் போகும். வார்மரில் குழந்தையை வைத்தால் கேமரா தானாக ஓட வேண்டும். ஒன்று, அசைவை உணர்ந்து தொடங்கும் வகை. அல்லது தொடர்ந்து பதிவாகி, தேவையற்றது தானாக அழியும் வகை. பொத்தானை அழுத்த ஓர் ஆள் வேண்டும் என்றால், அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் அதைவிட அவசரமான வேலை இருக்கும். அசைவை உணரும் கேமராவில் தொடக்க விநாடிகள் வெட்டுப்படலாம். அசைவுக்கு முந்தைய 10 விநாடியையாவது சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேமரா எங்கே? நேர் மேலே வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதில் இரண்டு சிக்கல். வார்மரின் மேலிருந்து சூடு தரும் வெப்பத் தலைக்கு அடியில் வைத்தால் கேமரா சூடேறி நின்றுவிடும்; விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் சிறு கேமராக்கள் இதில் இன்னும் மோசம், பேட்டரியும் தாங்காது. இரண்டாவது, நேர் மேலிருந்து பார்த்தால் நெஞ்சு எழுவது தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டிய மிக முக்கியமான ஒன்று அதுதான். வெப்பத் தலைக்குப் பக்கவாட்டில், குழந்தையின் கால் பக்கத்திலிருந்து 30 முதல் 45 பாகை சாய்வில் பொருத்தினால் நெஞ்சின் எழுச்சி, மாஸ்க்கைப் பிடிக்கும் விரல்கள், தலையின் நிலை மூன்றும் கிடைக்கும். மெத்தையும் அதைச் சுற்றி ஒரு கையகலமும் சட்டகத்துக்குள் வந்தால் போதும். ஊழியர்களின் கைகள் தெரியட்டும், முகம் வேண்டாம். தாய் சட்டகத்துக்குள் வரவே கூடாது. வசதி இருந்தால் இரண்டாவது கேமராவை மானிட்டர் திரையை நோக்கி வையுங்கள். இதயத் துடிப்பும் ஆக்ஸிஜன் அளவும் செய்கையோடு ஒரே நேரக்கோட்டில் கிடைத்துவிட்டால் பதிவின் மதிப்பு இரட்டிப்பாகும்.

1080 பிக்ஸல், விநாடிக்கு 25 அல்லது 30 சட்டகம் போதும். அதற்கு மேல் போனால் சேமிப்பிடம்தான் வீணாகும். வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். வெள்ளைத் துணியும் வார்மர் விளக்கும் சேர்ந்து கேமராவை ஏமாற்றும். துணி பளிச்சென்று இருக்கும், குழந்தை கறுத்த நிழலாகத் தெரியும். ஒரு பொம்மையை மெத்தையில் வைத்து, விளக்கைப் போட்டு, நெஞ்சு தெளிவாகத் தெரியும் அளவில் வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட வேண்டும். ஒலியும் தேவை. யார் என்ன சொன்னார், கேட்டவர் பதில் சொன்னாரா என்பது ஒலியில்லாமல் தெரியாது. ஆனால் மைக், சளி உறிஞ்சும் சக்ஷன் குழாய்க்கு அருகில் இருந்தால் அந்த இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

தொழில்நுட்பத்தில் அதிகம் கோட்டைவிடும் இடம் கடிகாரம். கேமராவுக்குக் குழந்தை பிறந்த நேரம் தெரியாது. வார்மருக்கு வந்த நேரம்தான் தெரியும். தொப்புள்கொடியைத் தாமதித்து வெட்டும் இடங்களில் இந்த இரண்டுக்கும் இடையே 60 விநாடியோ அதற்கு மேலோ இருக்கலாம். வார்மருக்கு வந்த நேரத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் உங்கள் அளவுகள் எல்லாம் உண்மையைவிட அழகாகத் தெரியும். குழந்தை முழுவதும் வெளியே வந்ததும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், அதே கணத்தில் பிறந்ததிலிருந்து நேரத்தை எண்ணும் வார்மரின் அப்கார் டைமரை ஓடவிட வேண்டும், அந்த டைமர் சட்டகத்துக்குள் தெரிய வேண்டும். கேமரா, மானிட்டர், சுவர்க் கடிகாரம் மூன்றையும் வாரம் ஒருமுறை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் கொடுங்கள். விட்டுவிட்டால் சில மாதங்களில் அவை நிமிடக் கணக்கில் விலகிவிடும். பிறகு மானிட்டரின் பதிவையும் படத்தையும் ஒட்ட முடியாது.

எதை அளப்பது? ஆசைப்பட்டு 40 அம்சங்களோடு படிவம் தயாரிப்பவர்கள் மூன்றாவது மாதத்தில் கைவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஐந்தே போதும். பிறந்ததிலிருந்து முதல் மூச்சுக் கொடுக்கும் வரையான நேரம். பிறந்ததிலிருந்து நெஞ்சு எழும் முதல் மூச்சு வரையான நேரம். மூச்சுக் கொடுக்கத் தொடங்கியபின் வந்த இடைவெளிகளின் மொத்த நீளம். முதன்முதலில் இதயத் துடிப்பைப் பார்த்த நேரமும் வழியும், அதாவது ஸ்டெதஸ்கோப்பா, ஆக்ஸிமீட்டரா, ஈசிஜியா. சளி உறிஞ்சியது எத்தனை முறை, மொத்தம் எத்தனை விநாடி. முதல் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில்தான் பெரும்பாலான குழுக்களின் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. மூச்சுவிடாத குழந்தைக்கு 60 விநாடிக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த 60 விநாடிக்குள் மாஸ்க்கை முகத்தில் வைத்துவிட்டு, காற்று உள்ளே போகாமல் இன்னொரு நிமிடம் பையை அமுக்கினால் இலக்கு எட்டப்பட்டதாகக் காகிதம் சொல்லும். குழந்தைக்கு எதுவும் கிடைத்திருக்காது.

ஒவ்வொன்றுக்கும் சந்தேகமற்ற வரையறை எழுதுங்கள். ‘மூச்சுக் கொடுத்தல் தொடக்கம்’ என்றால் மாஸ்க் முகத்தில் பட்ட கணமா, பையை முதலில் அமுக்கிய கணமா? இரண்டாவதை எடுங்கள். ‘இடைவெளி’ என்றால் 5 விநாடிக்கு மேல் மூச்சு வராத நேரம். ‘டியூப் முயற்சி’ என்றால், தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பிளேடு வாய்க்குள் போனதிலிருந்து வெளியே வரும் வரை. வழிகாட்டி இதற்கு 30 விநாடி தருகிறது. பிறகு இரண்டு பேர் ஒருவரையொருவர் கலந்துபேசாமல் அதே 10 பதிவுகளைக் குறித்துப் பார்க்க வேண்டும். நேரங்களில் 2, 3 விநாடிக்கு மேல் வேறுபாடு வந்தால் வரையறையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ‘நெஞ்சு எழுந்ததா’ போன்ற ஆம்-இல்லை கேள்விகளுக்குக் கப்பா என்ற ஒத்திசைவு அளவைக் கணக்கிடுங்கள், 0.6-க்குக் கீழே வந்தால் அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்வதில் பயனில்லை. மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் போரிஸ் என்ற நடத்தைப் பதிவு மென்பொருள் போதும். அதுவும் இல்லையென்றால், சட்டகம் சட்டகமாக நகர்த்தக்கூடிய விஎல்சி பிளேயரும் ஓர் எக்ஸெல் தாளும் இருந்தால் வேலை நடக்கும்.

ஒரு பதிவை எப்படிப் படிப்பது என்று காட்ட, விளக்கத்துக்காக நானே உருவாக்கிய ஒரு நேரக்கோட்டைத் தருகிறேன். நிறைமாதக் குழந்தை, துவண்டு பிறக்கிறது. 0:22-ல் வார்மருக்கு வருகிறது. 0:41 வரை துடைக்கிறார்கள். ஈரத்துணி அடியிலேயே கிடக்கிறது. 0:41-லிருந்து 1:03 வரை வாய், மூக்கு, மறுபடி வாய் என்று மூன்று முறை உறிஞ்சுகிறார்கள். 1:20 வரை உள்ளங்காலைச் சுண்டுகிறார்கள். மாஸ்க்கை எடுக்கிறார்கள், அது பெரிது. வேறு மாஸ்க்கைத் தேடி எடுத்து முதல் மூச்சு கொடுக்கும்போது 1:38. அடுத்த 20 விநாடியில் 28 மூச்சு கொடுக்கிறார்கள், நெஞ்சு அசையவில்லை. 1:58-ல் நிறுத்தி, 12 விநாடி ஸ்டெதஸ்கோப்பால் கேட்கிறார்கள். 2:10-ல் மறுபடி தொடங்குகிறார்கள். யாரோ தலையைச் சரிசெய்ய, 2:28-ல் நெஞ்சு எழுகிறது. அதன்பின் அரை நிமிடத்துக்குள் துடிப்பு ஏறுகிறது, 3:10-ல் அழுகை. கேஸ் ஷீட்டில் எழுதியது: “ஒரு நிமிடம் மூச்சுக் கொடுக்கப்பட்டது, நன்கு தேறியது.”

இதில் பொய் இல்லை. ஆனால் பயன் தந்த முதல் மூச்சு வந்தது 2:28-ல். 0:41-க்குப் பிறகு போன 107 விநாடியைப் பிரித்துப் பாருங்கள்: உறிஞ்சல் 22, காலைச் சுண்டியது 17, மாஸ்க் தேடல் 18, காற்று போகாத மூச்சுகள் 20, கேட்பதற்காக நிறுத்தியது 12, மறுபடி காற்று போகாத மூச்சுகள் 18. ஒவ்வொரு துண்டுக்கும் மருந்து வேறு. மாஸ்க் தேடியதற்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. பிரசவத்துக்கு முன் இரண்டு அளவு மாஸ்க்குகளை மெத்தையின் தலைமாட்டில் வைக்கும் வழக்கம் போதும். உறிஞ்சலுக்கு, அடைப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே என்ற விதியை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று போகாத 38 விநாடிக்கு, பை பிடிப்பவரைத் தவிர இன்னொருவர் நெஞ்சை மட்டும் பார்த்து “எழுகிறது”, “எழவில்லை” என்று உரக்கச் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். 12 விநாடி நிறுத்தத்துக்கு, நிறுத்தாமலே துடிப்பைத் தரும் ஈசிஜி பட்டைகள் வேண்டும். ‘வேகமாகச் செயல்படுங்கள்’ என்று பொதுவாக அறிவுரை சொல்வதால் இவற்றில் ஒன்றுகூட மாறியிருக்காது.

மூச்சின் வேகத்தையும் எண்ணுங்கள். மேலே சொன்ன 28 மூச்சு நிமிடத்துக்கு 84 என்ற கணக்கு. வழிகாட்டிகள் கேட்பது, எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, 30 முதல் 60 வரை. பதற்றத்தில் வேகம் ஏறுவது இயல்பு. ஏறினால் ஒவ்வொரு மூச்சும் நுரையீரலைத் திறக்கப் போதாத அளவுக்குக் குறுகிவிடும், காற்று வெளியேறவும் நேரம் கிடைக்காது. படத்தில் 10 விநாடிக்கு எத்தனை என்று எண்ணி 6-ஆல் பெருக்கினால் போதும்.

நெஞ்சு எழாதபோது என்ன செய்தார்கள் என்பது அடுத்து பார்க்க வேண்டியது. மாஸ்க்கைச் சரிசெய்வது, தலையை நேர்நிலைக்குக் கொண்டுவருவது, வாய் மூக்கை உறிஞ்சுவது, வாயைத் திறப்பது, அழுத்தத்தைக் கூட்டுவது, கடைசியாக டியூப் அல்லது தொண்டையில் பொருத்தும் லாரிஞ்சியல் மாஸ்க் என்று ஆறு படிகள் உண்டு. வீடியோவில் பெரும்பாலும் தெரிவது, இவற்றில் முதல் இரண்டை அரைகுறையாகச் செய்துவிட்டு நேராக டியூப்புக்குத் தாவுவது. அழுத்தத்தைக் கூட்டும் படி அடிக்கடி தவறிப்போகிறது, ஏனென்றால் தொடக்க அளவு எவ்வளவு என்றே யாரும் பிரசவத்துக்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொரு கவலைக்குரிய காட்சி, நெஞ்சு ஒருமுறைகூட எழாத நிலையில் நெஞ்சு அழுத்தம் தொடங்குவது. நெஞ்சை எழச்செய்யும் மூச்சு 30 விநாடி கொடுத்த பிறகும் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தால்தான் அழுத்தம். பச்சிளங்குழந்தையின் இதயம் மெதுவாவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று இல்லாததுதான். காற்று போனால் இதயம் தானே எழுந்துகொள்ளும். அழுத்தம் தொடங்கியிருந்தால் மூன்று அழுத்தம், ஒரு மூச்சு என்ற விகிதத்தையும், நிமிடத்துக்கு 90 அழுத்தம் 30 மூச்சு வருகிறதா என்பதையும் எண்ணுங்கள். யாரும் வாய்விட்டு எண்ணாத பதிவுகளில் இந்த விகிதம் கிட்டத்தட்ட எப்போதும் குலைந்திருக்கும்.

படம் காட்டாதவையும் உண்டு. அதைத் தெரிந்தே பார்க்க வேண்டும். மாஸ்க்கின் ஓரத்தில் கசியும் காற்று தெரியாது. ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு போனது என்பது தெரியாது. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குறைமாதக் குழந்தையின் நெஞ்சு எழுவதை நல்ல கேமராவிலும் நம்பிச் சொல்ல முடியாது. இதற்கு மாஸ்க்குக்கும் பைக்கும் இடையே ஓட்ட உணரி வைத்து அளக்கும் சுவாச மானிட்டர்கள் இருக்கின்றன. கிலோவுக்கு 4 முதல் 8 மி.லி. என்ற இலக்குக்குள் மூச்சு போகிறதா, எத்தனை சதவீதம் கசிகிறது என்று அவை திரையில் காட்டும். அந்தத் திரையும் பதிவில் வந்தால், விரல் பிடி மாறியதும் கசிவு குறைவதைக் குழுவே கண்ணால் பார்க்கலாம். அந்தக் கருவி இல்லாத இடங்களில் இதயத் துடிப்பு ஏறுவதுதான் காற்று போகிறது என்பதற்கு நம்பத்தக்க அடையாளம். மானிட்டருக்கு இரண்டாவது கேமரா வையுங்கள் என்று மேலே வலியுறுத்தியது அதனால்தான்.

இப்போது கடினமான பகுதி: மனிதர்கள். கேமரா பொருத்துவதற்கு முன்பே ஊழியர்களுடன் எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். பதிவு பணி மதிப்பீட்டுக்கோ, ஒழுங்கு நடவடிக்கைக்கோ, பதவி உயர்வுக்கோ பயன்படாது. யார் பார்க்கலாம் என்பது பெயரோடு வரையறுக்கப்படும். வேண்டுமென்றே தீங்கு செய்தது போன்ற விதிவிலக்கு இருந்தால் அதுவும் முன்கூட்டியே எழுதப்படும். நிர்வாகம் இதில் கையெழுத்திடத் தயங்கினால் கேமராவை ஒத்திவையுங்கள். ஒரு பதிவை வைத்து ஒரு நர்ஸுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனால் திட்டம் அன்றே முடிந்தது. மறுநாளிலிருந்து கேமராவின் முன்னால் தற்செயலாக ஒரு துணி தொங்கும். முதல் மாதக் கூட்டங்களுக்கு மூத்த மருத்துவர்கள் தலைமை தாங்கிய பதிவுகளையே எடுங்கள். துறைத் தலைவர் தன் 12 விநாடி இடைவெளியை எல்லோர் முன்னும் பார்த்துப் பேசினால், இளைய நர்ஸ் தன்னுடையதைப் பற்றிப் பேசத் துணிவார்.

பெற்றோரின் சம்மதம் நாட்டுக்கு நாடு சட்டத்தால் மாறும். மருத்துவமனையின் சட்ட ஆலோசகரையும் நெறிமுறைக் குழுவையும் கேட்காமல் தொடங்கக் கூடாது. தர மேம்பாட்டுக்கு மட்டும் என்றால் ஒரு வழி, ஆய்வாக வெளியிடுவதென்றால் வேறு வழி. எங்கும் பொருந்தும் சில உண்டு. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே சொல்லி, எழுத்திலும் கொடுத்து, வேண்டாம் என்றால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று தெளிவாக்கிக் கேட்பதுதான் முறை. அது முடியாமல் போன அவசரங்களுக்கு, சட்டம் இடம் தந்தால், பதிவைப் பூட்டி வைத்து ஓரிரு நாளில் கேட்கலாம். மறுத்தால் யாரும் பார்க்காமலே அழித்துவிட வேண்டும். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக மருத்துவமனை இன்னும் ஒரு படி போய், விரும்பும் பெற்றோருடன் சேர்ந்தே பதிவைப் பார்க்கிறது. பெற்றோர் பார்த்தால் வழக்குத் தொடுப்பார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. தங்கள் குழந்தைக்காக இத்தனை கைகள் உழைத்ததைக் காணும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் தனியாக அனுப்பிவைக்கக் கூடாது. விளக்கிச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சேமிப்பில் ஒரே கண்டிப்பு: சொந்த ஃபோனில் ஒரு விநாடிகூட இருக்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போகவே கூடாது. மறையாக்கம் செய்த டிஸ்க், பூட்டிய அறை, கடவுச்சொல் இரண்டு பேரிடம், யார் எப்போது திறந்தார் என்ற பதிவேடு. அளவுகளைப் பெயரில்லாத தாளில் எடுத்துக்கொண்டபின், முன்பே நிர்ணயித்த நாளில், எடுத்துக்காட்டாக 30-வது நாளில், பதிவு தானாக அழிய வேண்டும். பதிவு நோயாளியின் மருத்துவ ஆவணத்தில் சேருமா சேராதா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்து எழுதிவிடுங்கள். புகாரோ வழக்கோ வந்தபின் அழித்தால் அது சாட்சியத்தை அழிப்பதாகும். அப்படி ஒரு கோரிக்கை வந்த கணமே அந்தப் பதிவுக்குத் தானியங்கி அழிப்பை நிறுத்தும் வழி இருக்க வேண்டும்.

பார்க்கும் கூட்டம் எப்படி நடக்க வேண்டும்? நிகழ்வில் இருந்தவர்கள் முதலில், 72 மணி நேரத்துக்குள், தனியாகப் பார்க்கட்டும். பெரிய குழுவுக்குக் காட்டலாமா என்பது அவர்களுடைய முடிவு. குழந்தை இறந்துபோன நிகழ்வு என்றால் அவசரம் வேண்டாம். அந்தக் குழு தயாரானபின் மட்டும். வாராந்தரக் கூட்டம் 30 நிமிடம், ஒரு பதிவு. முழுப் பதிவையும் ஒருமுறை ஓட்டுவதைவிட முதல் 2 நிமிடத்தை மூன்று முறை ஓட்டுவது நல்லது: ஒருமுறை ஒலியோடு, ஒருமுறை ஒலியில்லாமல் கைகளை மட்டும், ஒருமுறை கண்ணை மூடிக் குரல்களை மட்டும். மூன்றாவது முறையில்தான் பதில் வராத கட்டளைகள் காதில் விழும். “அட்ரினலின் எடுங்கள்” என்று சொன்னவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாமல், மருந்து 2 நிமிடம் தாமதிக்கும் காட்சி அரிதல்ல. நடத்துபவர் “ஏன் இப்படிச் செய்தாய்” என்று கேட்கக் கூடாது. “இந்தக் கணத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது?” என்று கேட்டால் உண்மையான காரணம் வெளிவரும்: துடிப்பு ஏறுகிறது என்று நினைத்தேன், திரை எனக்கு மறைந்திருந்தது, பை கசிந்தது. கூட்ட முடிவில் இரண்டு மாற்றங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். அவற்றில் ஒன்றாவது பொருளையோ ஏற்பாட்டையோ பற்றியதாக இருக்கட்டும்: திரையைத் திருப்பி வைப்பது, சக்ஷன் அழுத்தத்தை 80 முதல் 100 மி.மீ. பாதரச அளவில் முன்பே வைப்பது போல. மனிதரின் பழக்கத்தைவிடப் பொருளின் இடத்தை மாற்றுவது எளிது, நீடிக்கவும் செய்யும்.

கேமரா இருப்பதாலேயே முதல் வாரங்களில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அந்த முன்னேற்றத்தைத் திட்டத்தின் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. எதையும் மாற்றாமல், எந்தக் கூட்டமும் நடத்தாமல், முதல் 20, 30 மூச்சுக் கொடுத்த நிகழ்வுகளை அளந்து அடிப்படையாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் குறித்து, நடுவே இடைநிலைக் கோடு போடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகள் இறங்கியதைக் கொண்டாட வேண்டாம். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் வந்தால்தான் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தப் புள்ளிக்குப் பின் எந்த மாற்றம் செய்தீர்கள் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு ஷிஃப்டையும் விடுமுறை நாட்களையும் தனி நிறத்தில் குறியுங்கள். சராசரி நன்றாக இருக்கும்போதும் இரவு 3 மணிப் புள்ளிகள் மட்டும் மேலேயே நிற்கலாம். அதற்குத் தீர்வு பணி அட்டவணையில் இருக்கும். எத்தனை வீடியோ பார்த்தாலும் அங்கே இரண்டாவது ஆள் வராமல் அந்தப் புள்ளிகள் இறங்காது.

நெஞ்சு எழும் முதல் மூச்சின் நேரம் சில மாதங்கள் நிலையாக இருந்தபின் அந்த அளவை மாதத்துக்கு ஐந்தாறு பதிவுகளில் மட்டும் சரிபார்த்துக்கொண்டு, அடுத்ததற்குப் போகலாம்: குறைமாதக் குழந்தையின் உடல் வெப்பம், நிமிடத்துக்கு நிமிடம் ஆக்ஸிஜன் இலக்கு, அல்லது டியூப் முயற்சியின் நீளம். புதிய பணியாளர்கள் சேரும் மாதங்களில் மட்டும் பழைய ஐந்து அளவுகளையும் முழுமையாக எடுங்கள்.